கேடயம்: தச்சுப் பட்டறையிலிருந்து பதில்கள்

சென்ற இதழில் நான் இழைத்த வட்டக் கேடயத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சினிமாவில் கேடயம் என்றால் கனத்த இரும்பாகத்தான் காட்டுகிறார்கள். நிஜத்திலும் அப்படித்தானா?

இல்லை. பெரும்பாலான காலத்தில், பெரும்பாலான தேசங்களில் அது மரம், தோல், பிரம்பு இவற்றால் ஆனது. நம் மொழியைக் கேட்டாலே சொல்லும். பழைய தமிழில் கேடயத்துக்குத் தோல் என்று ஒரு பெயர், பலகை என்று ஒரு பெயர், கிடுகு என்று ஒரு பெயர். கடைசிச் சொல்லை இன்றும் முடைந்த ஓலைத் தட்டிக்குச் சொல்கிறோம்.

நார்வேயில் கோக்ஸ்டாட் என்ற இடத்தில் 1880இல் தோண்டியெடுத்த, வைக்கிங் என்ற பழைய வடதேசக் கடலோடிகளின் கப்பலில் பக்கத்துக்கு 32 வீதம் 64 கேடயங்கள் தொங்கின. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கறுப்பும் மஞ்சளும் பூசியிருந்தார்கள். குறுக்களவு சுமார் 94 செ.மீ. ஆனால் பலகையின் தடிமன் ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டாது, அதுவும் விளிம்புக்குப் போகப்போக மெலியும். இதை முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பிறகு பைன் பலகைகளை 8 மி.மீ.க்கு இழைத்து, பக்கம் பக்கமாக ஒட்டி, கையில் பிடித்து வீசிப் பார்த்தேன். தடிமனை இரட்டிப்பாக்கினால் எடையும் இரட்டிப்பாகும். அப்படி ஒன்றை நீட்டிய கையில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள், தோள் தானாக இறங்கிவிடும். இறங்கிய கேடயம் யாரையும் காக்காது.

ரோமானியர்கள் வேறு வழி கண்டார்கள். சிரியாவில் யூப்ரடீஸ் நதிக்கரையில் உள்ள டூரா-யூரோப்போஸில் 1930களில் ஒரு நீள்சதுரக் கேடயம் நசுங்கிக் கிடந்தது. உயரம் 105 செ.மீ.க்குச் சற்று அதிகம். மெல்லிய மரப் பட்டைகளை மூன்று அடுக்காக, ஓர் அடுக்கு நெடுக்கே என்றால் அடுத்தது குறுக்கே என்று வைத்து வளைத்து ஒட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு நாம் ப்ளைவுட் என்று வாங்குகிறோமே, அதே நுட்பம், கி.பி. மூன்றாம் நூற்றாண்டில்! மரம் நார்வாக்கில்தான் பிளக்கும். நாரைக் குறுக்கே போட்டுவிட்டால் பிளவு ஓட வழியில்லை. அந்தக் கேடயத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், அதைச் செய்த கையைக் கும்பிடத் தோன்றும்.

மரத்தின்மேல் தோல் போர்த்துவது அதற்கு இணையான வேலை. பதனிடாத தோலை ஊறவைத்து, ஈரத்தோடு இழுத்து ஒட்ட வேண்டும். மத்தளத்தில் போல, காயக்காயத் தோல் இறுகிக்கொள்ளும். என் முதல் கேடயத்துக்கு முன்பக்கம் மட்டும் தோல் போர்த்தினேன். நாலாவது நாள் பலகை கிண்ணமாகக் குழிந்துவிட்டது. அடுத்ததற்கு இரண்டு பக்கமும் போர்த்தினேன். இரண்டும் ஒன்றையொன்று இழுத்து, பலகை நேராக நின்றது.

தோலில் ஏமாற்று வேலையும் நடந்திருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட ஏதல்ஸ்டன், கேடயம் செய்பவன் ஆட்டுத்தோல் போர்த்தினால் 30 ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார். மெல்லிய ஆட்டுத்தோலை வண்ணத்துக்கு அடியில் மறைத்துவிட்டால் வாங்குபவனுக்குத் தெரியாது. களத்தில்தான் தெரியும்.

வெறும் தோல் வாளைத் தாங்குமா?

தாங்கும். அயர்லாந்தில் குளோன்பிரின் என்ற இடத்தில் கிடைத்த வெண்கலக் காலத்துத் தோல் கேடயம் உண்டு. 1960களில் ஜான் கோல்ஸ் என்ற தொல்லியலாளர் அந்த மாதிரியில் ஒன்றும், மெல்லிய வெண்கலத் தகட்டில் ஒன்றும் செய்து, வெண்கல வாளால் வெட்டிப் பார்த்தார். தகடு கிழிந்தது, தோல் நின்றது. வெண்கலக் கேடயங்கள் எல்லாமே அலங்காரம்தான் என்று இதை வைத்துச் சொல்லக் கூடாது. ஈட்டி துளைத்த தழும்போடு கிடைத்தவையும் இருக்கின்றன.

8 மி.மீ. பலகை ஒரே வெட்டில் பிளந்துவிடாதா? பிறகு எதைக் காக்கும்?

நல்ல கேள்வி. அசையாமல் நேரே பிடித்து, முழு வெட்டையும் வாங்கினால் பிளக்கும். ஆகவே அப்படிப் பிடிப்பதில்லை.

வட்டக் கேடயத்தின் நடுவில் ஒரு துளை, அதன்மேல் இரும்புக் குமிழ், பின்னால் குறுக்கே ஒரு கட்டைப் பிடி. முஷ்டி குமிழுக்குள் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ள மர வாளோடு நண்பர்களுடன் இரண்டு வருடம் பயின்றேன். ஆரம்பத்தில் எல்லோரையும் போல நானும் கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அடிகள் எல்லாம் முழு வேகத்தில் வந்து விழுந்தன. பிறகு கையை நீட்டி, விளிம்பை எதிராளி பக்கம் திருப்பி, அவர் வாளை ஓங்கும்போதே ஓர் அடி முன்னே வைக்கப் பழகினேன். வீச்சு வேகம் எடுப்பதற்கு முன்பே கேடயம் அதைத் தொட்டுவிடுகிறது. சரிவான முகத்தில் வாள் வழுக்கிப் போகிறது. விளிம்பில் பட்டாலோ, ஒற்றைப் பிடி என்பதால் கேடயமே சுழன்று அடியின் வேகத்தைத் தின்றுவிடுகிறது. விளிம்பைச் சுற்றித் தைத்த தோல் பட்டை பலகை பிளக்காமல் பார்த்துக்கொள்ளும்.

குமிழ் கையை மூடுவதற்கு மட்டும் வைத்ததல்ல, குத்தவும்தான். பிரிட்டனில் மான்ஸ் கிராப்பியஸ் போரில் ரோமானியர் பக்கம் நின்ற பட்டேவியர்கள் குமிழால் எதிரிகளை மோதித் தள்ளியதை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார்.

இத்தனைக்குப் பிறகும் கேடயம் உடையும். உடைய வேண்டியதுதான் அதன் விதி. ஐஸ்லாந்தின் பழங்கதைகளில் வரும் இருவர் சண்டை விதிப்படி ஆளுக்கு மூன்று கேடயம். ஒன்று சிதைந்தால் அடுத்ததை எடுக்கலாம். புறநானூற்றின் நான்காம் பாட்டில் பரணர், அம்பு துளைத்த கேடயங்களைப் பயிற்சிக்கு நிறுத்திய இலக்குகளைப் போலிருந்தன என்கிறார். களத்தைக் கண்ணால் பார்த்த வரி என்றே எனக்குப் படுகிறது.

உடையாமலேயே பயனற்றுப் போவதும் உண்டு. கி.மு. 58இல் ஹெல்வெட்டியர்கள் என்ற கெல்ட்டியக் குடியினரோடு நடந்த போரில் ரோமானிய எறியீட்டிகள் நெருக்கி நின்றவர்களின் கேடயங்களை ஊடுருவி ஒன்றோடொன்று தைத்துவிட்டன. இரும்பு முனை வளைந்ததால் பிடுங்க முடியவில்லை. பலர் கேடயத்தை உதறிவிட்டு வெறும் உடம்போடு நின்று போரிட்டதாக சீசர் எழுதுகிறார். ஈட்டி தொங்கும் கேடயத்தை ஒருமுறை தூக்கிப் பார்த்திருக்கிறேன். உதறியவர்களைக் குறைசொல்ல மாட்டேன்.

கிரேக்கர்கள் கையை உள்ளே நுழைத்துப் பிடித்தார்களே, அது சிறந்ததா?

வேறு சண்டைக்கு வேறு பிடி. அவர்களுடைய கேடயம் சுமார் 90 செ.மீ. அகலம், 6 முதல் 8 கிலோ. நடுப்பட்டையில் முழங்கை வரை நுழைத்து, விளிம்பருகே உள்ள கயிற்றைப் பிடிப்பார்கள். எடையைத் தோள் தாங்கும், ஆனால் சுழற்ற முடியாது. வரிசையாக நிற்பவர்களுக்கு அது போதும். கேடயத்தின் இடப்பாதி பக்கத்து ஆளுக்கு மறைப்பாகும். இதனால் ஒரு விளைவு உண்டு: ஒவ்வொருவரும் தன் வலப்பக்கத்து ஆளின் கேடயத்துக்குள் ஒண்டப் பார்ப்பதால் முழுப் படையுமே வலப்பக்கம் நகர்ந்துவிடும். கி.மு. 418இல் மாண்டினியா போரை விவரிக்கும்போது கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதைச் சொல்கிறார்.

தட்டு அளவே உள்ள குட்டிக் கேடயம் எதற்கு?

வாள் பிடித்த கையைக் காக்க. வெட்டும்போது முதலில் முன்னே போவது அந்தக் கைதான். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸில் உள்ள சுமார் 700 ஆண்டுப் பழைய சுவடியில், ஒரு பாதிரியார் மாணவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் படங்கள் உள்ளன. குட்டிக் கேடயம் பெரும்பாலும் வாள் கையின் கூடவே நகர்கிறது.

பிறகு ஏன் வழக்கொழிந்தது?

ஐரோப்பாவில் உடல் முழுவதும் எஃகுக் கவசம் வந்ததும் இடது கை விடுபட்டது. இரண்டு கையாலும் பிடிக்கும் ஆயுதங்கள் பெருகின. பிறகு துப்பாக்கி வந்தது. ஸ்காட்லாந்து மலைநாட்டவர்கள் மட்டும் பலகையைக் குறுக்கும் நெடுக்கும் இரண்டு அடுக்காக ஆணியடித்துத் தோல் போர்த்திய வட்டக் கேடயத்தை விடாமல் வைத்திருந்தார்கள். 1746இல் கல்லோடன் போருக்கு முன், அவர்களை எதிர்த்த பிரிட்டன் அரசுப் படையினர் நேர் எதிரே வருபவனை விட்டுவிட்டு, வலப்பக்கம் வருபவனின் ஓங்கிய வாள் கைக்கு அடியில் பயனெட்டை, அதாவது துப்பாக்கி முனையில் பொருத்திய கத்தியை, செருகப் பயிற்சி எடுத்தார்கள். கேடயம் இருப்பது இடக்கையில். அந்த விலா திறந்தே கிடக்கும். ஆனால் அன்று அவ்வளவு தூரம் வந்து சேராமலேயே, பீரங்கியிலிருந்து சிதறிய குண்டுகளில் விழுந்தவர்கள் மிகப் பலர்.