மின்தேக்கியின் தட்டுகளை விலக்கினால் வோல்டேஜ் ஏறுமா, அப்படியே இருக்குமா?

பேட்டரியைக் கழற்றிவிட்டு விலக்குகிறீர்களா, மாட்டியபடியே விலக்குகிறீர்களா? கேள்வியில் அது இல்லை, ஆனால் விடையே அதைப் பொறுத்துத்தான். தண்டையார்பேட்டையில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். சூத்திரத்தைத் தலைகீழாக ஒப்பிக்கும் பிள்ளைகளும் தடுமாறுவது இங்கேதான்.

மின்தேக்கி என்பது எதிரெதிரே நிற்கும் இரண்டு உலோகத் தட்டுகள்; ஒரு வோல்டுக்கு அது எவ்வளவு மின்னூட்டம் தேக்கும் என்பதே மின்தேக்குத்திறன். தட்டை விலக்கினால் அது எப்படியும் குறையும். இடைவெளி இரட்டித்தால் அது பாதி. தட்டின் பரப்பு, இடைவெளி, நடுவிலுள்ள பொருள் இவைதான் அதைத் தீர்மானிக்கும். பேட்டரிக்கு அதில் வேலையில்லை.

10 செ.மீ. சதுரத் தட்டுகள், நடுவே 1 மி.மீ. காற்று என்று வைத்துக்கொள்வோம். மின்தேக்குத்திறன் சுமார் 88.5 பைக்கோஃபாரட். 100 வோல்ட் ஏற்றிவிட்டு பேட்டரியைக் கழற்றுங்கள். தட்டிலுள்ள மின்னூட்டத்துக்கு இனி வெளியேற வழியில்லை. மின்புலமோ அந்த மின்னூட்ட அடர்த்தியைப் பொறுத்தது. ஆகவே விலக்கினாலும் மில்லிமீட்டருக்கு 100 வோல்ட்தான். 2 மி.மீ. தூரத்துக்கு? 200 வோல்ட். சேமித்த ஆற்றலும் 0.44 மைக்ரோஜூலிலிருந்து 0.88-க்கு ஏறிவிடும். அந்தக் கூடுதல் ஆற்றல் உங்கள் கை கொடுத்தது. எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன. அந்த இழுப்பை மீறித்தானே தட்டைப் பிரித்தீர்கள்!

பேட்டரி மாட்டியிருந்தால் வோல்டேஜ் 100-லேயே நிற்கும், பாதி மின்னூட்டம் பேட்டரிக்கே திரும்பிவிடும்.

சரி, மல்டிமீட்டர் வைத்து அந்த 200-ஐப் பார்க்கலாமா? முடியாது. பொதுவான டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகாஓம். இவ்வளவு சின்ன மின்தேக்கி அதன் வழியே ஒரு மில்லிசெகண்டுக்குள் பாதிக்கு மேல் வடிந்துவிடும். தேய்த்த பிளாஸ்டிக் ஸ்கேலால் மின்னூட்டம் ஏற்றி, எலக்ட்ரோஸ்கோப்பை (வோல்டேஜ் ஏற ஏற மெல்லிய உலோக இலை விரியும் கருவி) இணைத்துப் பாருங்கள். தட்டை விலக்க விலக்க இலை விரியும். பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கும் சோதனை இது. ஆனால் காசிமேடு, ராயபுரம் பக்கம் கடற்காற்றின் ஈரம் தட்டைத் தாங்கும் பிளாஸ்டிக்கில் படிந்து மின்னூட்டத்தைக் கசியவிடும். முதலில் அதை ஹேர் டிரையரால் நன்றாகக் காயவையுங்கள்.

அப்புறம் கண்டன்சர் மைக். வியாசர்பாடியில் கானா ரெக்கார்டிங்குக்கு நிற்பவர் முன்னால் அது இருந்தால், உள்ளே நடப்பது இதே கணக்குதான். மெல்லிய சவ்வு ஒரு தட்டு. குரல் பட்டு அது அதிரும்போது இடைவெளி மாறுகிறது. மிகப் பெரிய மின்தடை வழியாக இணைத்திருப்பதால் அந்த நொடிக்குள் மின்னூட்டம் நகர முடியாது, வோல்டேஜ்தான் மாறியாக வேண்டும். 1962-ல் பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்டும் அந்த மின்னூட்டத்தை ஒரு பிளாஸ்டிக் படலத்திலேயே நிலையாகத் தங்கவைத்தார்கள். சட்டையில் குத்தும் சின்ன காலர் மைக் பெரும்பாலும் அந்த வகைதான்.