கறையும் தெத்துப்பல்லும்

அன்புள்ள சார்,

வணக்கம். எனக்கு 29 வயது. ஊர் தர்மபுரி பக்கம், வேலைக்காக வேளச்சேரியில் இருக்கிறேன். வரும் தை மாதம் கல்யாணம்.

எங்கள் ஊர்த் தண்ணீரால் சின்ன வயதிலிருந்தே என் முன்பற்களில் பழுப்புக் கறை. வகுப்பில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருந்ததால் அப்போது ஒன்றும் தெரியவில்லை. சென்னைக்கு வந்த பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகினேன். நிச்சயதார்த்தப் போட்டோ ஒன்றில்கூட என் பல் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு அவருடைய அக்கா, "கல்யாணத்துக்குள்ள பல்லைக் கொஞ்சம் பாத்துக்கம்மா" என்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு க்ளினிக்கில் விசாரித்தேன். மேல்வரிசையில் பத்துப் பல்லுக்குப் பீங்கான் வெனீர் போட்டால் எல்லாம் ஒரே வெள்ளையாக, ஒரே வரிசையாக வந்துவிடும், வலது பக்கத் தெத்துப்பல்லும் காணாமல் போய்விடும் என்கிறார்கள். ஒரு பல்லுக்கு 14,000 ரூபாய், மொத்தம் 1,40,000. தவணையும் உண்டாம். கம்ப்யூட்டரில் என் முகத்திலேயே புதுப் பற்களை வைத்துக் காட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது, ஆனால் வேறு யாரோ மாதிரி இருந்தது. அந்தத் தெத்துப்பல் எங்கள் அப்பாயிக்கும் உண்டு.

அம்மா, "நல்ல பல்லை ராவிட்டு எவளாவது பொய்ப்பல் வைப்பாளா" என்று திட்டுகிறாள். உங்கள் முன்பற்கள் இரண்டும் ஒட்டுப்பற்கள் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். போடலாமா? போட்டால் நான் எல்லோரையும் ஏமாற்றுவதாக ஆகுமா?

எஸ்., வேளச்சேரி

*

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விதான் சுலபம், அதை முதலில் முடித்துவிடலாம். நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. நிலைத்த பற்களின் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேலுறை, பல் ஈறுக்குள் இருக்கும்போதே உருவாகிறது. பெரும்பாலும் எட்டு வயதுக்குள் அந்த வேலை முடிந்துவிடும். அந்த வருடங்களில் குடிக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்திருந்தால் எனாமல் இறுகி வளராமல் நுண்ணிய துளைகளோடு வளர்கிறது. பல் முளைத்த பிறகு அந்தத் துளைகளில் நிறம் இறங்கிப் பழுப்பாகிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரக் கணக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அதைத் தாண்டித்தான் இருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் அங்கே காவிரித் தண்ணீர் வந்தது 2013இல். அதற்குள் நீங்கள் பெரிய பெண்ணாகியிருப்பீர்கள்.

ஆக, அந்தப் பழுப்பில் உங்களுடையது என்று எதுவும் கிடையாது. பாறையிலிருந்து கரைந்து வந்து உங்கள் வாயில் தங்கியது, அவ்வளவுதான். அதைப் போக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். வருங்கால நாத்தனார் சொன்னதற்காகச் செய்யவும் வேண்டாம். (நாத்தனார்கள் பல்லில் ஆரம்பித்தால் பல்லோடு நிறுத்துவதில்லை. இது என் மனைவியின் அனுபவம்.)

தெத்துப்பல் வேறு விஷயம். அது அப்பாயியிடமிருந்து வந்தது. உங்கள் க்ளினிக் தண்ணீர் கொடுத்ததையும் அப்பாயி கொடுத்ததையும் ஒரே பில்லில் போட்டிருக்கிறது. என் யோசனை, முதலில் அந்த இரண்டையும் பிரியுங்கள் என்பதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் ஒரு பீங்கான் சில்லு, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். அதற்கு இடம் வேண்டுமே, அதனால் பெரும்பாலும் பல்லில் அதே அளவுக்குச் சீவுவார்கள். முன்பல்லில் எனாமலின் கனமே நுனிப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஈறை நெருங்க நெருங்க அதில் பாதிகூட இருக்காது. சீவிய எனாமல் திரும்ப வளராது. எலும்பு கூடும், தோல் மூடும், நகம் வளரும். எனாமலை உண்டாக்கும் செல்கள் மட்டும் பல் முளைத்ததோடு போய்விடுகின்றன.

இந்தச் சில்லை முதலில் செய்தவர் கலிஃபோர்னியாவின் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர், 1928இல், சினிமா நடிகர்களுக்காக. பல்செட் ஒட்டும் பொடியை வைத்து ஒட்டுவார், ஷூட்டிங் முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். சாப்பிட முடியாது, சிரிக்க மட்டும்தான். 1955இல் மைக்கேல் பூனோகோர் என்பவர், உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க பாஸ்பாரிக் அமிலம் தடவுவதைப் பார்த்து, பல்லிலும் தடவிப் பார்த்தார். அமிலம் பட்ட எனாமல் சொரசொரப்பாகி ரெசின் என்ற பிசினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 1980களின் தொடக்கத்தில் பீங்கானின் உட்புறத்தையும் வேறோர் அமிலத்தால் அதேபோலச் சொரசொரப்பாக்க முடிந்தபோதுதான் நிரந்தர வெனீர் வந்தது. இந்தக் கதையைச் சொல்லக் காரணம், வெனீரின் பிடி முழுவதும் எனாமலில்தான் இருக்கிறது. எனாமலைத் தாண்டி அதற்கு அடியில் இருக்கும் டென்டின் என்ற பகுதிக்குப் போய்விட்டால் ஒட்டும் தளர்கிறது, கூச்சமும் வருகிறது.

இப்போது உங்கள் தெத்துப்பல்லுக்கு வாருங்கள். வரிசைக்கு வெளியே நிற்கும் பல்லை வெனீரால் உள்ளே தள்ள முடியாது. வெளியே நிற்கும் பகுதியைச் சீவித் தள்ளத்தான் முடியும். அது அரை மில்லிமீட்டரில் நிற்காது. டென்டின் தெரியும், சமயத்தில் நரம்புவரை போய் ரூட் கெனால் செய்து கேப் போடும்படி ஆகும். கேப் என்றால் பல்லைச் சுற்றிலும் சீவ வேண்டும், வெளியே தெரியும் பல்லில் பாதிக்கு மேல் போய்விடும். பல்லை வரிசைக்குக் கொண்டுவர நேர் வழி கிளிப்தான், அதற்கு ஒன்றரை வருடமாவது பொறுமை வேண்டும். நோயில்லாத, சொத்தையில்லாத ஒரு பல்லை இடம் மாறி நிற்கிறது என்பதற்காக மட்டும் ராவுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அம்மாவின் திட்டு இந்த ஒரு பல்லைப் பொறுத்தவரை மிகச் சரி.

தெத்துப்பல் சிரிப்புக்கு நம் ஊரில் ரசிகர்கள் குறைவில்லை. ஜப்பானில் இதற்கு யாஎபா என்று பெயர். பத்துப் பதினைந்து வருடம் முன்பு அங்கே இளம்பெண்கள் ஒழுங்காக இருந்த பல்லின் மேல் காசு கொடுத்துத் தெத்துப்பல் ஒட்டிக்கொண்டார்கள். நீங்கள் காசு கொடுத்து எடுக்கப் பார்க்கிறீர்கள்.

சரி, என் பல் கதை. 2009இல் ஒரு மழை நாள், மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்து முன்பற்கள் இரண்டும் குறுக்கே உடைந்தன. அடுத்த வாரம் ஒரு புத்தக வெளியீட்டில் பேச வேண்டியிருந்தது. அவசரத்தில் கண்ணில் பட்ட க்ளினிக்குக்குள் நுழைந்தேன். முக்கால் மணி நேரம் வாயைத் திறந்து வைத்து, காற்றடித்து, பஞ்சு வைத்து, எல்லாம் முடிந்த பிறகு ஒரு பட்டையைக் காட்டி, "இதுல எந்த ஷேடு வேணும் சார்?" என்றார்கள். மேலே ட்யூப்லைட். நான் பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டு ஒன்றைக் காட்டினேன். ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு பல்லுக்கு மட்டும் விடிஞ்சிருக்கு" என்றாள். விழா போட்டோக்களில் ஃப்ளாஷ் பட்டு என் முகத்தில் அந்த இரண்டு பற்களும்தான் தெரிந்தன. ஒரு வாரம் "தாத்தா" என்று சொல்ல நாக்கு தடுமாறியது தனிக் கதை.

ஆறு வருடம் கழித்து, கோகுலாஷ்டமிச் சீடை அதில் ஒன்றைப் பெயர்த்தது. அந்தமுறை போன டாக்டரிடம்தான் எனக்குக் காரணம் புரிந்தது. வாய் உலர்ந்தால் பல்லும் உலரும், உலர்ந்த பல் உண்மையான நிறத்தைவிட வெளுப்பாகத் தெரியும். உலர்ந்துபோன பல்லோடு ஒப்பிட்டு நான் ஷேடு எடுத்திருக்கிறேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்ததுமே, கருவி எதையும் கையில் எடுப்பதற்கு முன்பே, என்னை ஜன்னலோரம் அழைத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் ஷேடு பார்த்தார். பல் ஒரே நிறமாக இருப்பதில்லை என்றும் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஈறுப் பக்கம் லேசான மஞ்சள், நடுவில் வெளுப்பு, நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு சாம்பல் நீலம். கோரைப்பல் எப்போதுமே முன்பல்லைவிட ஒரு படி மங்கல். இதையெல்லாம் குறித்து, போட்டோ எடுத்து லேபுக்கு அனுப்பினார். நம் பழைய கவிகள் பல்லை முல்லை அரும்புக்கு ஒப்பிட்டார்கள். அரும்பைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதில் சுண்ணாம்பு வெள்ளை எங்கே இருக்கிறது? உங்கள் க்ளினிக் சொன்ன அந்த "ஒரே வெள்ளை" குளியலறை டைல்ஸுக்குப் பொருந்தும்.

இனி, கறைக்கு என்ன செய்யலாம். நான் டாக்டர் இல்லை. என் பல்லைப் பார்க்கும் டாக்டரிடம் உங்கள் பெயர் சொல்லாமல் கேட்டேன், அவர் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன். தைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, அது போதும். முதலில் க்ளீனிங். ஈறில் ரத்தம் வந்துகொண்டிருந்தால் எதை ஒட்டினாலும் ஓரம் கெடும். அடுத்தது மைக்ரோ அப்ரேஷன், அதாவது அமிலமும் நுரைக்கல் தூளும் கலந்த பசையால் கறையின் மேற்படலத்தை மட்டும் தேய்த்து எடுப்பது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, கூடிப்போனால் இரண்டு பங்கு போகும். கறை மேலாக இருந்தால் இதிலேயே ஆச்சரியப்படும் அளவுக்கு மாறிவிடுமாம். அப்புறம் ப்ளீச்சிங். ஆரம்பத்தில் வெள்ளைத் திட்டுகள் இன்னும் எடுப்பாகத் தெரியும், பயப்படாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் சில பற்களில் ஆழமான பழுப்பு நிற்கலாம். அந்தப் பற்களுக்கு வெனீர் போடுங்கள், நான் தடுக்கவில்லை. பத்து வேண்டியிராது, நான்கிலோ ஆறிலோ முடியலாம். பல் கணக்கில் பில் போடும் இடத்தில் பற்களின் எண்ணிக்கை எப்போதும் கூடத்தான் செய்யும். ப்ளீச்சிங் முடிந்து இரண்டு வாரமாவது இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டு சரியாகப் பிடிக்காது. இந்த வரிசையை மாற்றவும் முடியாது, பீங்கானை ப்ளீச் செய்ய முடியாது என்பதால். ஃப்ளோரைடு ஏறிய எனாமலில் அமிலமும் லேசில் வேலை செய்யாதாம், கூடுதல் நேரம் வைக்க வேண்டுமாம். அதனால் இந்த மாதிரிப் பற்களில் வெனீர் போட்டுப் பழகியவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கம்ப்யூட்டர் படத்தை நம்பி ஒப்புக்கொள்ளாதீர்கள். மெழுகில் மாதிரி செய்து, அதை அச்செடுத்து, பல்லைச் சீவாமலே உங்கள் பல் மேல் தற்காலிகமாகப் பொருத்திக் காட்ட முடியும். அதை வைத்துக்கொண்டு பேசுங்கள், சிரியுங்கள், அம்மாவுக்கு வீடியோ கால் போடுங்கள். பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிட்டு அப்படியே எழுந்து வரலாம். அதைச் செய்ய மறுக்கும் இடத்தில் பல்லைக் கொடுக்காதீர்கள். பியூட்டி பார்லர்களில் சல்லிசாகச் செய்கிறார்கள் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சட்டப்படி பதிவு பெற்ற பல் மருத்துவர்தான் இதைச் செய்யலாம்.

இன்னொருவரிடமும் அபிப்பிராயம் கேட்க வேண்டும் என்றால் வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி கோட்டை ஸ்டேஷனில் இறங்குங்கள். எதிரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி. காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். அங்கே யாரும் உங்களுக்குத் தவணைத் திட்டம் சொல்லப்போவதில்லை.

பணத்தைப் பற்றி ஒன்று. வெனீர் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வருடம் வரும், சிலருக்கு அதற்கு மேலும். உங்களுக்கு 29. ஆயுளில் இன்னும் இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டிவரும், ஒவ்வொரு முறையும் பல்லும் கொஞ்சம் குறையும். 1,40,000 என்பது முதல் தவணைதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், இரவில் போட்டுக்கொள்ள ஒரு கார்டு செய்து தருவார். பொங்கல் கரும்பை முன்பல்லால் உரிப்பதும், நல்லி எலும்பைக் கடிப்பதும் இனி மாப்பிள்ளையுடைய வேலையாக இருக்கட்டும். தை மாதக் கல்யாணம் என்றால் கரும்புக்குப் பஞ்சம் இருக்காது, உரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தெத்துப்பல் அவருக்குப் பிடிக்குமா என்று நீங்கள் கேட்டீர்களா என்பது கடிதத்தில் இல்லை.

என் இடது முன்பல்லில் இரண்டு மாதமாக மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறது. அடுத்த வாரம் அதே ஜன்னலோரத்தில் போய் நிற்க வேண்டும். இந்தமுறை சீடையைக் குறை சொல்ல வழியில்லை. எழுதும்போது பேனா மூடியைக் கடிக்காதே என்று டாக்டர் நான்கு முறை சொல்லியிருந்தார்.