கீதாரி வீட்டுப் பெண் கிருமி படிக்கலாமா?

அண்ணே, போனில் நீங்கள் பேசியதில் பாதி கோபம், பாதி பயம். பன்னிரண்டாவது முடித்த பெண், ஆட்டுக்கும் மாட்டுக்கும் வரும் நோயெல்லாம் ஆதியில் எங்கிருந்து வந்தது என்று படிக்கப் போகிறேன் என்கிறாள், இதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்றீர்கள். சம்பளத்துக்கு அப்புறம் வருகிறேன். அந்தக் கேள்வி, ஊர் ஊராக ஆடு மேய்க்கும் கீதாரியான உங்கள் ஆட்டுக் கிடையில் பிறந்ததுதான்.

மழை பெய்து சாயல்குடிப் பக்கம் புல் தளிர்த்ததும், மந்தையிலேயே கொழுத்த குட்டியாகப் பார்த்து, ராத்திரி நன்றாக இருந்தது விடியும்போது செத்துக் கிடக்குமே, துள்ளுமாரி நோய், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளாஸ்ட்ரிடியம் என்ற அந்தக் கிருமி நல்ல ஆட்டின் குடலிலும் கொஞ்சம் இருக்கும், திடீரென்று தீனி மிஞ்சினால் பெருகி நஞ்சைக் கக்கிவிடும். அந்த நஞ்சைச் செய்யும் மரபணு இருப்பது பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில். அந்த வளையம் ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியது! சாதுவாக இருந்த கிருமி இப்படியும் தன் குணத்தை மாற்றிக்கொள்ளும். உங்கள் மகள் கேட்பது இதைத்தான்.

எல்லா நோயும் விலங்கிடமிருந்துதான் நமக்கு வந்தது என்று நினைக்கிறோம். ஆனால் பிராய்லர் கோழியின் மூட்டைக் கெடுக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவில் ஒரு வகை, மனிதரிடமிருந்து கோழிக்குத் தாவியது என்று 2009இல் மரபணுவை ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள், அதுவும் அதற்கு முன் ஒரு நாற்பது வருடத்துக்குள். காசநோயும் மாட்டிடமிருந்து நமக்கு வந்ததென்றே ரொம்ப நாள் நம்பினார்கள். 2002இல் பார்த்தால், மனிதக் கிருமியில் இருக்கும் டிஎன்ஏ துண்டுகள் பல மாட்டுக் கிருமியில்தான் உதிர்ந்து போயிருந்தன, அது எப்படி மனிதக் கிருமிக்குத் தாயாக இருக்க முடியும்?

சரி, வேலை. என் கணக்கில் முதல் வழி கால்நடை மருத்துவப் பட்டம்தான், இன்டர்ன்ஷிப்போடு ஐந்தரை வருடம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் மாநில இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான், நீட் கேட்பதில்லை. ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். படித்து முடித்து மருந்தகத்தில் கால்நடை மருத்துவராகவும் உட்காரலாம், கால்நடை நுண்ணுயிரியலில் மேற்படிப்பு முடித்து ராணிப்பேட்டையில் தடுப்பூசி செய்யும் நிறுவனம் மாதிரி இடங்களுக்கும் முயலலாம்.

இடம் கிடைக்கவில்லை என்றால் பி.எஸ்சி. நுண்ணுயிரியல். ஆனால் வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் சம்பளம் கையைக் கடிக்கும், இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. எம்.எஸ்சி. கட்டாயம், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் உங்களுக்குப் பக்கம்தான். கூடவே புள்ளியியலும் கொஞ்சம் கணினி நிரலும் கற்கச் சொல்லுங்கள், கிருமியின் வம்சாவளியைத் தேடுகிற வேலையில் பெரும்பகுதி இப்போது கணினி முன்னால்தான் நடக்கிறது. பணம் கொடுத்தால் சீட் வாங்கித் தருகிறேன் என்று வருகிறவனை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கவுன்சிலிங்குக்கு முன் ஒருநாள், பக்கத்துக் கால்நடை மருந்தக டாக்டரிடம் அனுமதி கேட்டு, செத்த குட்டியை அவர் அறுத்துப் பார்க்கும்போது இவளைக் கூட நிறுத்துங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் பி.எஸ்சி. பக்கம் யோசிப்போம், குனிந்து பார்த்தால் எனக்கு போன் பண்ணுங்கள். அப்படியே, துள்ளுமாரி ஊசியை இந்த வருடமாவது மழைக்கு முன்னால் போட்டுவிடுங்கள் அண்ணே.