தேங்காய்த் தொட்டிக் கரியால் திருப்பூர் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்ய முடியுமா?

காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டி இவ்வளவு கிடைக்கிறதே, அதில் ஆக்டிவேட்டட் கார்பன் செய்து சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்துவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். நிறத்தை ஓரளவு எடுக்கலாம். உப்பை எடுக்கவே முடியாது.

நான் அந்தப் பக்கத்துக் கார்பன் ஆலை ஒன்றின் லேபில் வேலை பார்க்கிறேன். தொட்டியைக் காற்று அதிகம் படாமல் சுட்டால் கரி. அதைச் சுழலும் சூளையில் 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி நீராவி விட்டால், கரியில் ஒரு பகுதி வாயுவாகிப் போய்விடும். அது போன இடமெல்லாம் நுண்துளை. ஒரு கிராம் கார்பனின் துளைச் சுவர்களையெல்லாம் கூட்டினால் 1000 சதுர மீட்டர் தேறும். சாயம் ஒட்டுவது இந்தச் சுவர்களில்தான். ஆனால் தொட்டிக் கார்பனில் பெரும்பாலான துளைகளின் அகலம் 2 நானோமீட்டருக்கும் குறைவு. சிக்கலே இங்கேதான்.

தரத்தை அயோடின் எண் வைத்துப் பார்ப்போம், அதாவது ஒரு கிராம் கார்பன் எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கிறது என்ற கணக்கு. நிறுத்தெடுத்த கார்பனைப் பழுப்பு நிற அயோடின் கரைசலில் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, மிச்சமுள்ள அயோடினை தயோசல்ஃபேட்டால் அளப்போம். ஸ்டார்ச் போட்டதும் வரும் கருநீலம் எந்தச் சொட்டில் மறைகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். நல்ல சரக்கு 1000-க்கு மேல் காட்டும். சரி, அயோடினின் மூலக்கூறு எடை 254. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் பிளாக் 5 சாயத்துக்கோ 991. அயோடின் தாராளமாக நுழையும் துளைகள் பலவற்றில் சாயம் நுழையாது. அயோடின் எண்ணை மட்டும் பார்த்து சாயப்பட்டறைக்குக் கார்பன் வாங்குவது காசைக் கரியாக்குவதுதான். மரத்தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுட்ட கார்பனில் துளைகள் பெரிது. நிறம் எடுக்க அது மேல். எதை வாங்கினாலும் உங்கள் பட்டறைத் தண்ணீரையே கொடுத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நெல் உமியையும் சிலர் கேட்கிறார்கள். அதில் சாம்பலே 15 முதல் 20 சதவீதம், பெரும்பாலும் சிலிக்கா. அதை நீக்காமல் நல்ல கார்பன் வராது.

அப்புறம் உப்பு. துணியில் சாயம் ஏற உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். நொய்யல் ஆறும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டதில் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கரைந்த உப்பைக் கார்பன் பிடிக்காது, சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வும், மிச்சத் தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் தேவை.

தொட்டிக் கார்பனின் அருமையைப் பார்க்க வேண்டுமானால் தங்கச் சுரங்கத்துக்குத்தான் போக வேண்டும். அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் 1973-ல் பெரிய அளவில் தொடங்கிய முறை இது: அரைத்த தாதுவில் உள்ள தங்கத்தைச் சயனைடில் கரைத்து, அந்தக் குழம்பிலேயே கார்பன் மணிகளைக் கலக்கி விடுவார்கள். ஒரு டன் தாதுவில் சில கிராமே இருக்கும் தங்கம் போய் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சல்லடையில் அரித்து, சூடான காரக் கரைசலால் கழுவித் தங்கத்தை எடுப்பார்கள். மணி உடைந்து தூளானால் தங்கமும் தூளோடு போய்விடும். தொட்டியின் கடினம் அங்கே கைகொடுக்கிறது.

திருப்பூரிலும் இதற்கு இடம் இருக்கிறது. ஆர்.ஓ. சவ்வைக் குளோரின் அரித்துவிடும். அதற்கு முன்னால் ஒரு தொட்டிக் கார்பன் ஃபில்டர் வைத்தால் குளோரினையும் சிறு கரிமப் பொருட்களையும் பிடித்துவிடும். உங்கள் ஆலைக்குத் தொட்டிக் கார்பன்தான் வேண்டும் என்றால் அங்கே வையுங்கள்.