உண்ணியின் முட்டை – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் எங்கள் கலப்பினப் பசு காய்ச்சலில் படுத்தது. மூத்திரம் காப்பி நிறத்தில் போனது. டாக்டர் வந்து ஊசி போட்டும் பிழைக்கவில்லை. உண்ணிக் காய்ச்சல் என்றார். "புடுங்குன உண்ணியத் தரையில போடாதடா, அதோட குஞ்சும் காய்ச்சலோடதான் பொறக்கும்" என்று அப்பாரு அடிக்கடி சொல்வார். நான் சிரித்திருக்கிறேன். நோய் முட்டை வழியாகப் போகுமா? நாட்டு மாட்டுக்கு இது வராது என்கிறார்களே, உண்மையா?

கே., தாராபுரம்

அன்புள்ள கே.,

கறவைப் பசு போன வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் சிரித்தது தப்பு. நம்பிக்கை இல்லையென்றால் 'எப்படி?' என்று கேட்டிருக்க வேண்டும். நாட்டு மாட்டுக்கும் வரும். கன்றுப் பருவத்திலேயே தொற்றித் தேறிய மாடு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அது கிடக்கட்டும்.

உங்கள் சிரிப்புதான் என்னை உறுத்துகிறது. கொஞ்ச நாளாக நான் படித்துக்கொண்டிருப்பதும் இதே போன்ற ஒரு சிரிப்பைப் பற்றித்தான். அமெரிக்காவில் டெக்சாஸ் மாடுகளை வடக்கே ஓட்டிக்கொண்டு போன காலம். அந்த மாடுகள் திடமாகத்தான் இருந்தன. அவை மேய்ந்துபோன நிலத்தில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள், சில வாரம் கழித்து, ரத்தமாக மூத்திரம் போய்ச் செத்தன. மிசௌரி விவசாயிகள் துப்பாக்கியோடு நின்று மந்தைகளை மறித்தார்கள். உண்ணிதான் காரணம் என்று மாட்டுக்காரர்கள் சொன்னார்கள். படித்தவர்கள் அதை மூடநம்பிக்கை என்று தள்ளினார்கள்.

அவர்கள் பக்கம் ஒரு நல்ல கேள்வி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த உண்ணி குஞ்சாக ஒரு மாட்டில் ஏறினால், வளர்வதும் இணைவதும் ரத்தம் குடித்து உப்புவதும் அதே மாட்டில்தான். ஏறக்குறைய மூன்று வாரத்தில் கீழே விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துவிடும். இன்னொரு மாட்டைக் கடிப்பதே இல்லை. அப்படியிருக்க நோயை எப்படிக் கடத்தும்?

1889இல் தியோபால்ட் ஸ்மித் என்ற ஆய்வாளரும் கில்போர்ன் என்ற கால்நடை மருத்துவரும் வாஷிங்டன் அருகே இதைச் சோதித்தார்கள். வட கரோலினா மாடுகளின் உடம்பிலிருந்து உண்ணிகளைக் கையால் பொறுக்கி எடுத்துவிட்டு வடக்கத்தி மாடுகளோடு விட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு வயலில் தெற்கத்தி மாடே இல்லை, உண்ணிகளை மட்டும் தூவினார்கள். அங்கே மேய்ந்த மாடுகள் காய்ச்சலில் விழுந்தன. அடுத்த வருடம் ஸ்மித் ஆய்வகத்தில் முட்டை பொரிக்க வைத்து, அதுவரை எந்த மாட்டையும் கடித்திராத குஞ்சுகளை ஒரு கிடாரியின் மேல் விட்டார். கிடாரிக்குக் காய்ச்சல் வந்தது.

தாய் குடித்த ரத்தத்தோடு போன பபேசியா என்ற ஒட்டுண்ணி அதன் குடலில் உருமாறி, சினைப்பைக்குள் நுழைந்து, முட்டையில் ஏறுகிறது. அந்த முட்டையில் வந்தது வளர்ந்து கடிக்கும்போது எச்சில் வழியாக மாட்டின் ரத்தத்தில் இறங்குகிறது. மந்தை போய்ச் சில வாரம் கழித்து மாடுகள் ஏன் செத்தன என்பதும் இதில் விளங்கிவிடுகிறது. உண்ணி விழுந்து, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, புல்நுனியில் ஏறிக் காத்திருக்க அவ்வளவு நாள் வேண்டும். இருவரும் 1893இல் இதை வெளியிட்டார்கள். கொசு மலேரியாவைக் கடத்துகிறது என்று ரொனால்ட் ராஸ் காட்டியது அதற்கு நான்கு வருடம் கழித்துத்தான்.

மாட்டைத் தினமும் தொட்டுத் தடவிய கைகளுக்குத் தெரிந்ததை ஏட்டறிவு ஒத்துக்கொள்ள இத்தனை காலம் ஆயிற்று. அதற்குள் எத்தனை மாடுகள்! கேள்வி நியாயமானது, சரி. பதிலைத் தேடாமல் ஆளைப் பார்த்துச் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் அம்மா உண்ணி பிடுங்கும்போது பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கிண்ணம் இருக்கும். ஒன்று தவறிக் கீழே விழுந்தாலும் விளக்கை எடுத்துவரச் சொல்லித் தேடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அப்பாரு சொன்னது எல்லா உண்ணிக் காய்ச்சலுக்கும் பொருந்தாது. கலப்பின மாடுகளை அதிகம் அடிக்கும் தைலேரியா என்ற இன்னொரு ஒட்டுண்ணி முட்டை வழியாகப் போவதில்லை. அதைக் கடத்தும் உண்ணி வேறு. அது மாடு விட்டு மாடு தாவும். இரண்டுக்கும் மருந்தும் வேறு வேறு. ஆகவே அடுத்த முறை மாடு தீனி எடுக்காமல் நின்று உடம்பு கொதித்தால், மூத்திரம் நிறம் மாறட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரை அழைத்து, காதோரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.