பின்டயர் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்

வாகனக் கேள்விகளுக்குப் பதில் அளிப்பவர், சேலத்தில் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். பெங்களூருவில் 2017 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இரண்டாவது ஓனர். மீட்டரில் 14,000 கிலோமீட்டர்தான். பின்டயர் இரண்டும் புதிது. வண்டியைச் சேலத்துக்கே கொண்டுவருவதாகவும், ஏற்காடு வரை ஓட்டிப் பார்க்கலாம் என்றும் புரோக்கர் சொல்கிறார். எதையெல்லாம் பார்க்க வேண்டும் ஐயா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: பின்டயர் புதிது என்பதை ஒரு லாபமாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி. எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. 14,000 கிலோமீட்டரில் முன்டயர் அப்படியே இருக்க, பின்டயர் மட்டும் எங்கே போயிற்று? ஐந்து லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின். இந்தியாவுக்கு வந்த மாடலில் 401 குதிரைத்திறன். அத்தனையும் பின்சக்கரத்துக்குத்தான் போகிறது. போதாததற்கு, முன் பிரேக்கை மட்டும் பிடித்து வைத்துப் பின்சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழலவிடும் ‘லைன் லாக்’ என்ற வசதியும் மஸ்டாங் ஜிடியில் உண்டு. பந்தயத் தளத்தில் டயரைச் சூடாக்குவதற்காக வைத்தது. நம் ஊரில் அது புகை கிளப்பி வீடியோ எடுக்கப் பயன்படுகிறது. எனவே முதலில் குனிந்து பின்சக்கர வளைவின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பாக ரப்பர் துணுக்குகள் அப்பியிருந்தால், மீட்டர் எவ்வளவு குறைவாகக் காட்டினாலும் அந்த வண்டி நிறைய உழைத்திருக்கிறது என்று அர்த்தம்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. முன்டயர் 2017இல் செய்ததாகவே இருந்தால், தேயாமல் இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிட்டது. அதை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். முன் கண்ணாடியின் கீழ் தெரியும் 17 எழுத்துச் சேசிஸ் எண்ணில் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைச் சொல்லும். ஜி என்றால் 2016, எச் என்றால் 2017. ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள்.

வண்டி வருகிற அன்றே பார்க்காதீர்கள். இரவு முழுக்க நிற்கவிட்டுக் காலையில் போங்கள். பானெட்டில் கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் உயிர் பெறும் முதல் நிமிடத்தில்தான் நீலப் புகையும் வேண்டாத தட்டல் ஓசையும் தெரியும். மாற்று சைலன்சர் பொருத்தியிருந்தால் அந்த உறுமலில் எதுவும் காதில் விழாது. ரசிக்கப் போகவில்லை நீங்கள்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். ‘ஒரு கோளாறும் காட்டவில்லை’ என்று அவர் சொன்னால் போதாது. அந்தக் கம்ப்யூட்டர் தானே நடத்தும் சோதனைகளான ‘ரெடினெஸ் மானிட்டர்கள்’ முடிந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். முந்தின நாள் யாராவது பிழைப் பதிவுகளை அழித்திருந்தால் அவை முடியாமல் நிற்கும். வெள்ளியை உரைத்துப் பார்க்காமல் நீங்கள் வாங்குவதில்லை அல்லவா, இதுவும் அந்த உரைகல்தான்.

பெங்களூரு வண்டி என்பதால் இன்னொன்று. 2022 செப்டம்பர் வெள்ளத்தில் அங்கே விலை உயர்ந்த கார்கள் மூழ்கிக் கிடந்ததைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அப்படி முழுச் சேதமென்று கழிக்கப்பட்ட வண்டிகள் ஏலத்தில் போய், துடைக்கப்பட்டு, மறுபடி சந்தைக்கு வருவது என் தொழிலில் பழகிய சங்கதி. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கேதான் மிஞ்சும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்திலும் போல்ட்டுகளிலும் துரு இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம்.

ஏற்காடு யோசனை நல்லதுதான், ஆனால் வண்டியின் இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் காட்டத் தேவையில்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது பின்னால் ‘கடக்’ என்று இடிக்கிறதா, ஏற்றத்தில் கியர் தயங்குகிறதா, டெம்பரேச்சர் முள் நகர்கிறதா என்று கவனியுங்கள். இறங்கும்போது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள கியர் பேடிலைத் தட்டிக் குறைந்த கியரில் வையுங்கள். அப்படியும் பிரேக் பிடிக்கையில் ஸ்டீயரிங் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். அடிவாரம் வந்ததும் அப்படியே லிஃப்ட் உள்ள ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டுங்கள். தரையிலிருந்து 140 மில்லிமீட்டர்கூட உயரமில்லாத வண்டி. நம் வேகத்தடைகள் அடிவயிற்றில் என்ன எழுதியிருக்கின்றன என்று தெரியும்.

கேள்வி: அதே வாசகர் கேட்ட இன்னொன்று. காந்தம் வைத்துப் பார்த்தால், ஒடுங்கியதை மறைக்கப் பட்டி (புட்டி) போட்ட இடம் தெரிந்துவிடும் என்கிறார் என் மாமா. சரியா?

பதில்: மாமா பழைய அம்பாசிடரை மனதில் வைத்துச் சொல்கிறார். இந்த மஸ்டாங்கின் பானெட்டும் இரு முன் ஃபெண்டர்களும் அலுமினியம். பட்டி இல்லாவிட்டாலும் காந்தம் ஒட்டாது. அங்கே காந்தம் ஒட்டினால்தான் கவலைப்பட வேண்டும். வேறு தகடு மாட்டியிருக்கிறார்கள். பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் வாங்குவதானால் அலுமினியத்தையும் அளப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பானெட்டின் முன் விளிம்பில் பெயின்ட் கொப்புளித்திருந்தால் அது விபத்தின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. அலுமினியம் அரித்து வருவது இந்த மாடலில் பலரும் சொன்ன குறை.

கேள்வி: வெளிமாநில கார் வாங்கும்போது காகிதத்தில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: கடன் தீர்ந்ததற்கான படிவம் 35, வெளிமாநில ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28, பெயர் மாற்றத்துக்கு 29, 30. இங்கே வாழ்நாள் வரி மறுபடி கட்ட வேண்டும். விலை உயர்ந்த வண்டிக்கு அது லட்சங்களில் வரும், பேரம் பேசும்போதே கணக்கில் சேருங்கள். பழைய பாலிசியில், இழப்பீடு கேட்காத ஓனருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். க்ளெய்ம் இல்லாமல் மூன்று ஆண்டு போனால் 35, ஐந்து ஆண்டு போனால் 50. அந்தப் போனஸ் ஓனருடையது, வண்டியுடையதல்ல. ஆகவே அவர் வாங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள். ‘ஐந்து வருடமாக ஒரு கீறல் இல்லை’ என்பவரின் பாலிசியில் 20 என்று இருந்தால், என்ன நடந்தது என்று நேராகவே கேளுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். இப்போது ஜீப் ஓட்டுகிறேன். இதுபோன்ற வி8 காரைப் பழையதாக வாங்கினால் மலைக்குச் சரிவருமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: தார்ச்சாலை வரை வரும். மழைக்காலத்தில் பின்சக்கரம் வழுக்கும், தோட்டத்து மண்பாதையில் வயிறு தட்டும், பெட்ரோல் செலவை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மஸ்டாங்கின் உதிரி பாகம் எதுவானாலும் கடல் கடந்துதான் வர வேண்டும். ஜீப்பை விற்றுவிடாதீர்கள். காரை நிறுத்திவைக்க அடிவாரத்தில் உறவினர் வீட்டுக் கொட்டகை ஏதாவது கிடைத்தால் மறுபடி எழுதுங்கள், எந்த மாடல் என்று பார்ப்போம்.