வார்டில் தசை இழப்பைக் கண்டறிய டேப்பும் நாற்காலியும் போதுமா?

கேள்வி: எங்கள் பொது மருத்துவ வார்டில் 65 வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். அவர்களுக்குச் சார்கோபீனியா, அதாவது வயதால் வரும் தசை இழப்பு, இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். தசையின் அளவைக் காட்டும் டெக்ஸா எக்ஸ்ரே ஸ்கேன் கிடையாது. செவிலியர்களே செய்துவிடும்படி வழி உண்டா?

பதில்: உண்டு. ஆசிய சார்கோபீனியா பணிக்குழுவின் 2019 வழிகாட்டுதல்படி, வலிமை குறைந்திருந்தாலே 'சார்கோபீனியா இருக்கக்கூடும்' என்று குறித்து உடனே கவனிக்கத் தொடங்கலாம். நோயை உறுதிசெய்யத்தான் தசையை அளக்கும் ஸ்கேனோ பயோ-இம்பீடன்ஸ் கருவியோ வேண்டும். அந்தப் பிரிவு முக்கியமாக ஆரம்ப சுகாதார நிலையங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஸ்கேன் இல்லாத வார்டும் அதைப் பயன்படுத்திக்கொள்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

முதலில் சார்க்-எஃப் என்ற ஐந்து கேள்விகள்: நாலரை கிலோ எடையைத் தூக்குவது (5 கிலோ அரிசிப் பை என்று கேட்டால் சட்டென்று புரியும்), அறைக்குள் நடப்பது, படுக்கையிலோ நாற்காலியிலோ இருந்து எழுவது, 10 படி ஏறுவது, கடந்த ஓராண்டில் விழுந்தது. சிரமம் கூடக் கூட ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 4 அல்லது அதற்கு மேல் என்றால் சந்தேகம். "இப்போது எழ முடிகிறதா?" என்று கேட்பதுதான் வழக்கமான தவறு. காய்ச்சலில் கிடப்பவரால் எழ முடியாதுதான். அட்மிஷனுக்கு இரண்டு வாரம் முன்பு எப்படி இருந்தார் என்று கேளுங்கள். பெரியவர் குழப்பத்தில் இருந்தால் கூட இருப்பவரிடம் கேட்கலாம். 4-க்குக் கீழே வந்தால் நிம்மதியடைய வேண்டாம். இந்தக் கேள்விகள் பலரைத் தவறவிடும்.

அதனால் டேப்பையும் எடுங்கள். நோயாளியை உட்காரவைத்து, முழங்கால் 90 டிகிரி மடங்கி, பாதம் தரையில் படியட்டும். கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில், தோலை அழுத்தாமல், டேப் சாயாமல் சுற்றுங்கள். சற்று மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துப் பெரிய அளவைக் குறியுங்கள். இரண்டு காலையும் அளந்து, அதில் பெரியதை எடுங்கள். ஆண்களுக்கு 34 செ.மீ.-க்கும், பெண்களுக்கு 33 செ.மீ.-க்கும் குறைவு என்றால் சந்தேகம். ஊட்டச்சத்துப் படிவத்தில் வரும் 31 செ.மீ. வேறு கணக்கு, இரண்டையும் கலந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அளக்கும் முன் முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் காலில் நீர் கோத்திருக்கிறது. இதய, சிறுநீரக நோயாளிகளிடம் இது சகஜம். அப்போது 35 செ.மீ. வந்தாலும் அதை நம்ப முடியாது, பாதி நீராக இருக்கலாம். ஆனால் நீர் கோத்தும் 31 செ.மீ.தான் என்றால் தசை நிச்சயம் குறைவு. உடல் பருமன் உள்ளவரிடமும் இதே கதைதான். எடை குறையவில்லையே என்று விட்டுவிடக் கூடாது.

கைப்பிடி வலிமையில் நிலைமை தலைகீழ். அங்கே நல்ல அளவை நம்பலாம், மோசமான அளவை உடனே நம்பக் கூடாது. ஆண்களுக்கு 28 கிலோவுக்கும், பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே என்றால் குறைவு. ஆனால் காய்ச்சல், வலி, மயக்க மருந்து எல்லாமே பிடியைத் தளர்த்தும். வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) போட்ட கையில் பார்க்கவே கூடாது. பிடியை அளக்கும் கருவியான டைனமோமீட்டர் ஹைட்ராலிக் வகை என்றால் உட்கார்ந்து, முழங்கை 90 டிகிரி மடக்கி. ஸ்பிரிங் வகை என்றால் நின்று, கையை நீட்டி. குறைந்தது இரண்டு முறை அழுத்தச் சொல்லி, அதிகமானதை எழுதுங்கள். காய்ச்சல் அடங்கியதும் மறுபடி பாருங்கள்.

டைனமோமீட்டர் இல்லையா? கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் குறைவு. நாற்காலியின் முதுகு சுவரை ஒட்டி இருக்கட்டும், ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். எழுந்ததும் தலைசுற்றுகிறவரிடமும் ரத்த அழுத்தம் இறங்குகிறவரிடமும் இதைச் செய்ய வேண்டாம்.

லேசான மின்சாரம் செலுத்தி உடலின் தசை, கொழுப்பு, நீரைக் கணக்கிடும் பயோ-இம்பீடன்ஸ் கருவியை ட்ரிப்ஸ் ஓடும்போது வைத்தால் நீரையும் தசையாகக் காட்டும். பேஸ்மேக்கர் உள்ளவருக்கு வேண்டவே வேண்டாம்.

சந்தேகம் என்று வந்தால் அன்றே டயட்டீஷியனுக்கும் பிசியோதெரபிஸ்ட்டுக்கும் சொல்லுங்கள். 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களே 10 நாள் படுக்கையில் இருந்ததற்குக் கால்களில் மட்டும் சுமார் 1 கிலோ கொழுப்பற்ற திசுவை இழந்தார்கள். நோய்வாய்ப்பட்ட முதியவருக்குப் புரதம் ஒரு நாளுக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், 50 கிலோ எடைக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. கஞ்சியும் பிரெட்டும் கொடுத்து இந்தக் கணக்கை எட்டவே முடியாது. டயாலிசிஸ் இல்லாத கடுமையான சிறுநீரக நோய் என்றால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

கேஸ் ஷீட்டில் எண்ணை மட்டும் எழுதினால் பிறகு ஒப்பிட முடியாது. எந்தக் கை, எந்தக் கால், என்ன கருவி, உட்கார்ந்தா நின்றா, வீக்கம் இருந்ததா, காய்ச்சல் இருந்ததா என்று சேர்த்தே எழுதுங்கள். டிஸ்சார்ஜ் அன்றும், மறுபரிசோதனைக்கு வரும்போதும் அதே முறையில் அளக்க அது வேண்டும்.